புதுப்பிப்பு: சாண்டோரினியில் டெண்டர் படகு இறங்கி ஊர் சுற்றுவது

சுற்றுலாக் கப்பல் கிரீஸின் சாண்டோரினித் தீவில் நிற்கும் ஒரே பகலில், கப்பல்காரர்களின் டூர் எடுக்காமல் அங்குள்ள ஓயா, ஃபிரா ஊர்களைப் பார்க்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று. முடியும்.

அங்கே கப்பல் கரையில் கட்டுவதில்லை, எரிமலைக் குழிக் கடலில் நிற்கிறது. கரைக்கு டெண்டர்தான், அதாவது கப்பலிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும் சிறு படகு. டூர் எடுத்தவர்களை முதலில் அதினியோஸ் துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே பஸ் காத்திருக்கும். மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருந்து, ஃபிராவின் அடிவாரத்திலுள்ள பழைய துறைமுகத்தில் இறங்க வேண்டும். மேலே போக கேபிள் கார், இல்லையென்றால் 580க்கும் மேற்பட்ட படிகள். அந்தப் படிகளில் கழுதைகளும் வரும். வெயிலில் ஆட்களைச் சுமக்கும் அவற்றைப் பார்க்கவே பாவமாக இருந்தது, தயவுசெய்து ஏறாதீர்கள்.

நாங்கள் கீழேயே படகும் பஸ்ஸும் சேர்ந்த டிக்கெட் வாங்கி நேராக ஓயா போனோம். காலையில் கேபிள் கார் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். அப்புறம் பஸ்ஸில் ஃபிரா.

திரும்பும்போதுதான் கவனம் தேவை. கேபிள் கார் பயணம் மூன்று நிமிடம்தான், ஆனால் பல கப்பல்கள் நிற்கும் நாளில் வரிசை தெருவரை நீளும். கடைசி டெண்டருக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள். முழங்கால் நன்றாக இருந்தால் படியில் இறங்கலாம், ஆனால் வழுக்கும்.

காற்று பலமானால் டெண்டரே ரத்தாகும். அதனால் தனியாரிடம் டூர் முன்பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.