ஆற்றில் எடுப்பதா, குழாயில் பிடிப்பதா?

செல்லூர்வாசி:
மதுரையில் எங்கள் பகுதி இளைஞர்கள் சேர்ந்து மாதம் ஒரு முறை வைகையில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறோம். சாக்கடை சுமந்து வரும் பந்தல்குடி கால்வாய் ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில். முடிவை வார்டில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுவோம். நாம் குடிக்கிற ஆறு என்ன கதியில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும்.

பழைய பம்ப் ஆபரேட்டர்:
தம்பி, எண்ணம் நல்லது, இடம்தான் தப்பு. ஊருக்குள் வைகை மேலிருக்கும் ஏ.வி. பாலத்துக்கு அடியில் ஓடுவதையா நாம் குடிக்கிறோம்? வைகை அணைத் தண்ணீர் பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து வருகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டுவரும் பெரியாற்றுத் தண்ணீருக்கும் அங்கேதான் சுத்திகரிப்பு. நீங்கள் கால்வாய் வாயில் எடுத்த பாட்டிலில் கிருமி இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. அதை ஒட்டினால் சனம் குழாய்த் தண்ணீரை நம்பாமல் கேன் வாங்க ஓடும். கூலிக்குப் போகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய செலவு!

இன்னொன்று. சுத்திகரித்துக் குடிக்கப்போகும் ஆற்று நீரில் 100 மில்லிலிட்டருக்கு 5000 கோலிஃபார்ம், அதாவது கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி, வரை இருக்கலாம் என்றுதான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடே சொல்கிறது. குழாயில் அதே 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஆற்றின் கணக்கை வைத்துக் குழாயை எடை போட முடியாது.

வில்லாபுரம் மீனா:
அண்ணன் சொல்வதுதான் சரி. ஆறு எப்படியிருந்தாலும் என் பிள்ளை குடிப்பது குழாயில் வருவதைத்தான். எங்கள் தெருவில் தண்ணீர் விட்டதும் முதல் இரண்டு குடம் கலங்கி, நாற்றமாக வரும். அதைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் பிடிக்கிறோம். இதை யார் வந்து சோதித்தார்கள்?

பழைய பம்ப் ஆபரேட்டர்:
அம்மா, அதுதான் விஷயமே. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிவிடும். பக்கத்தில் சாக்கடை கசிந்தால், விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். அதனால்தான் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பிடித்த தண்ணீரில் குளோரின் பார்க்கும் மருந்தைச் சில சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். குளோரோஸ்கோப் என்ற சின்னச் சோதனைப் பெட்டியில் நிறத்தை ஒப்பிட்டால் நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். மஞ்சளே வரவில்லையென்றால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

செல்லூர்வாசி:
அண்ணே, அணையையும் லோயர் கேம்ப்பையும் சொன்னீர்கள், ஆற்றுக்குள் இருக்கும் கிணறுகளை விட்டுவிட்டீர்களே. கோச்சடையிலும் மணலூரிலும் வைகை மணலுக்கு அடியில் ஊறுவதை எடுத்துத்தானே மதுரைக்குக் கொடுக்கிறார்கள்? மணலூர் ஊருக்குக் கிழக்கே, ஆற்றின் போக்கில் கீழே. நகரத்தின் கழிவை வாங்கிக்கொண்டுதான் ஆறு அங்கே போய்ச் சேருகிறது.

பழைய பம்ப் ஆபரேட்டர்:
மணலைவிட நல்ல வடிகட்டி உண்டா? அப்புறம் குளோரினும் போடுகிறார்கள்.

செல்லூர்வாசி:
மணல் கலங்கலைப் பிடிக்கும், கிருமியிலும் பெரும்பகுதியைப் பிடிக்கும். கரைந்துபோனதை என்ன செய்யும்? சாக்கடையில் இருக்கும் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு தண்ணீராக மணலைத் தாண்டிவிடும். குளோரின் அதை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை, வேறு தண்ணீர் கிடைக்காத ஊருக்குக்கூட அதில் தளர்வு கிடையாது. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரித்துவிடும். உங்கள் மஞ்சள் நிறம் இதைக் காட்டுமா?

கோமதிபுரம் ராஜா:
எதற்கு இவ்வளவு பேச்சு? ஆளுக்கொரு ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி மாட்டினால் முடிந்தது. டி.டி.எஸ். மீட்டரில் 80 காட்டுகிறது, நிம்மதியாகக் குடிக்கிறோம்.

வில்லாபுரம் மீனா:
மாட்ட முடியாத வீடுகள் எங்கள் தெருவில்தான் இருக்கின்றன சார். அதோடு அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 80 என்று காட்டும் தண்ணீரைக் குடித்தும் வயிற்றுப்போக்கு வரலாம்.

பழைய பம்ப் ஆபரேட்டர்:
நைட்ரேட் விஷயம் நியாயம் தம்பி. ஆனால் அதற்கும் பாலத்தடி பாட்டில் பதில் சொல்லாது. சித்திரைத் திருவிழாவுக்கு அணையைத் திறந்த மறுநாள் ஒரு கணக்கு வரும், ஆறு வறண்டு சாக்கடை மட்டும் ஓடும்போது வேறு கணக்கு வரும். எடுக்கும் முறையும் முக்கியம். காலி சோடா பாட்டிலில் பிடித்து வெயிலில் வண்டியில் வைத்துக் கொண்டுபோனால் கிருமிக் கணக்கே பொய்யாகிவிடும். ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டிலாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, தண்ணீர் சுத்தம் என்று தவறான முடிவு வந்துவிடும்.

செல்லூர்வாசி:
பாட்டில் விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டோம், நன்றி அண்ணே. ஆனால் கால்வாய் வாயை விட மாட்டோம். சாக்கடை எங்கே கலக்கிறது என்று எண்ணோடு காட்டாமல், அதை அடைக்கச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? அடைக்காதவரை மணலூருக்குப் போவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

வில்லாபுரம் மீனா:
நீங்கள் இரண்டு பேரும் ஆற்றைப் பேசி முடிப்பதற்குள் எனக்கு அந்த மஞ்சள் மருந்து எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் அண்ணா. நாளைக் காலையில் எங்களுக்குத் தண்ணீர் வரும் முறை.

பழைய பம்ப் ஆபரேட்டர்:
என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறதம்மா, விடிந்ததும் கொண்டுவருகிறேன். தம்பி, மணலூர்க் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் போடுவதற்கு முன்னால் நைட்ரேட் பார்க்க வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பாலத்தடியில் பாட்டிலை முக்குவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.