மரச்சீனி இலை தின்ற ஆட்டின் இரத்தம் சிவப்பாக இருந்தது ஏன்?

கேள்வி (குலசேகரம்):
மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கிய விளையில் கிடந்த இலையைத் தின்ற எங்கள் ஆடு, சற்று நேரத்தில் மூச்சிரைத்து விழுந்து இறந்துவிட்டது. கால்நடை மருத்துவர் அதன் இரத்தம் பளிச்சென்று சிவந்திருப்பதைக் காட்டி, இது சயனைடு நஞ்சு என்றார். சிவந்த இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்குமே, பிறகு ஏன் மூச்சு முட்டியது? அதே செடியின் கிழங்கை நாங்கள் மீன்கறியோடு உண்கிறோமே?

பதில் (உயிர்வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்):
ஆக்சிஜன் இரத்தத்தில் இருந்தது; செல்களால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை. உணவிலிருந்து பெறும் எலக்ட்ரான்கள் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நொதிக்கு நொதி கைமாறி, கடைசியாகச் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் வழியாக ஆக்சிஜனைச் சேர்கின்றன; அந்த நொதியின் இரும்பைச் சயனைடு பற்றிக்கொண்டால் முழுத் தொடரும் நின்று, செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் உற்பத்தி முடங்குகிறது. செலவாகாத ஆக்சிஜனோடு திரும்புவதால் சிரை இரத்தமும் சிவந்தே இருக்கும். மூளையும் இதயமும் முதலில் தளர்வது, அவற்றுக்கு இடைவிடாமல் ஏடிபி வேண்டும் என்பதால்தான்.

பதில் (திருவட்டார்):
இலையில் லினமாரின் என்ற சயனைடு அடங்கிய பொருள் ஓரிடத்திலும் அதைச் சிதைக்கும் நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. ஆடு மெல்லும்போது இரண்டும் கலந்து சயனைடு பிறக்கிறது. கிழங்கிலும், குறிப்பாகக் கசப்பு வகைகளில், இதே பொருள் உண்டு. ஆனால் தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பெரும்பகுதி நீங்கிவிடும். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இப்பயிரைப் பரப்பியதிலிருந்து நம் வீடுகளில் வடிக்காமல் இறக்கியவர்கள் அரிது. மீதமுள்ள சிறிதளவைக் கல்லீரலின் ரோடனீஸ் நொதி தயோசயனேட்டாக மாற்றும். அதற்கு வேண்டிய கந்தகம் புரதத்திலிருந்து வருவதால், மீன்கறி நல்ல துணைதான். வடித்த தண்ணீரை மட்டும் மாட்டுக் காடியில் ஊற்றாதீர்கள்.

பதில் (மார்த்தாண்டம்):
அந்த எலக்ட்ரான் தொடரை அடைக்காமலே கெடுக்கும் நஞ்சும் உண்டு என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். எலக்ட்ரான்கள் கைமாறும்போது உட்சவ்வின் ஒரு பக்கம் சேரும் புரோட்டான்கள் திரும்பிப் பாயும் விசையால்தான் ஏடிபி உருவாகிறது. டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருள் அந்தப் புரோட்டான்களை வீணே ஒழுகவிடுவதால், ஏடிபி ஆக வேண்டிய ஆற்றல் வெறும் வெப்பமாகி உடல் கொதிக்கிறது. 1930களில் அமெரிக்காவில் எடை குறைக்கும் மாத்திரையாக விற்கப்பட்டு, 1938இல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என ஒதுக்கப்பட்ட இப்பொருள், இன்றும் இணையத்தில் உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களைக் குறிவைத்து விற்கப்படுகிறது. சயனைடுக்காவது, உடனே கிடைத்தால், சோடியம் தயோசல்பேட் ஊசி உண்டு. டைநைட்ரோபீனாலுக்கு முறிவு மருந்தே கிடையாது.