பட்ட நூலில் சிக்கிய செண்பகம்: எக்ஸ்ரே எடுக்கக்கூடிய மிருக வைத்தியர் தேவை

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் கோப்பாயில் நைலோன் பட்ட நூலில் சிக்கிய வளர்ந்த செண்பகப் பறவை ஒன்று கைவசம் இருக்கு. இடது செட்டை தொங்குது, தோல் கிழிந்திருக்கு, எலும்பு வெளியில் தெரியவில்லை. இரத்தம் நின்ற பிறகு சேலைன் விட்டுக் கழுவியாச்சு. தயவுசெய்து எண்ணெய் பூசச் சொல்லாதேங்கோ; இறகில் ஊறினால் உடம்புச் சூடு தங்காது.

துளை போட்ட காட்போட் பெட்டியில், இருட்டில் வைத்திருக்கு. துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல் ஒரு பக்கம் மட்டும். சூடு கூடினால் ஒதுங்க இடம் வேணுமே. செட்டையை மடித்து எட்டு வடிவில் துணிப்பட்டி சுற்றியிருக்கு. நெஞ்சை இறுக்கவில்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. சொண்டுக்குள் தண்ணி பருக்கவும் இல்லை: மூச்சுத் துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கு, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். சிரட்டையில் வைத்தால் தானாகக் குடிக்குது. அவித்த முட்டை கொஞ்சம் எடுக்குது. பாலும் சோறும் கிட்டவும் இல்லை.

வலிகாமத்திலோ நகரிலோ பறவைக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பு பொருத்தும் வைத்தியரைத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கோ. பறவை எலும்பு கெதியாய் ஒட்டும். கோணலாக ஒட்டினால் பிறகு பறக்காது. இறகில் பிடிக்காமல் தன்னோடு தானே ஒட்டும் பன்டேஜ் ஒரு சுருளும் தேவை. மருந்தடிக்காத காணியில் பிடித்த வெட்டுக்கிளி என்றால் எவ்வளவும் தரலாம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தாச்சு.