டிராக்டர், பொக்லைன் வேலைக்கு எந்த சாக்கெட் செட்?

உடுமலைப் பட்டறை: டிராக்டர் வேலை இப்போது நிறைய வருகிறது. நட்டு கழற்ற இருப்பது அரை இன்ச் டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு) சாக்கெட் செட்தான். பின்சக்கர நட்டுக்குப் பைப் மாட்டி இழுத்தால் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) பல் நழுவுகிறது. முக்கால் இன்ச் வாங்கலாமா அண்ணா?

பழைய மெக்கானிக்: தாராளமாக வாங்குங்கள் தம்பி. 19 முதல் 50 மி.மீ. வரை உள்ள செட் போதும். சாக்கெட்டின் உட்புறம் ஆறு பட்டையாகப் பார்த்து எடுங்கள். பன்னிரண்டு பட்டை, துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். அப்புறம், இறுகிய நட்டை ராட்செட்டால் இளக்கவே கூடாது. அதற்கு நீளமான பார் போடுங்கள், இளகிய பிறகு ராட்செட்.

கிரேன்காரர்: இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி நட்டைச் சுழற்றும் கருவி) இருந்தால் கறுப்பு குரோம்-மாலிப்டினம் சாக்கெட்தான். பளபளப்பான குரோம்-வனேடியம் கன்னில் வெடித்துத் தெறிக்கும், கண் பத்திரம்!

உடுமலைப் பட்டறை: கன் இருக்கிறது. சரி, சக்கர நட்டு அளவுகளை மட்டும் கறுப்பில் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.