புதுப்பிப்பு: உடையாமல் நின்ற பாறைக்குக் காரணம் கிடைத்துவிட்டது

எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் ஒரே மூலையில் பெரும் பாறைகள் உடையாமல் நிற்கின்றன, வெடிமருந்தைக் கூட்டலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். முதலில், மருந்து நிரப்பத் துளையிடும் இயந்திரம் ஒவ்வோர் ஆழத்திலும் எப்படி இறங்கியது என்ற பதிவைப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பார்த்தேன். அந்த மூலையில் மட்டும் ஏழாவது மீட்டரில் துளைக்கம்பி சட்டென்று இறங்கியிருக்கிறது. களிமண் படுகை! துளைவாயில் கிடந்த தூளும் பழுப்பாக, விரலில் பிசுபிசுத்தது. வெடிப்பின் வாயு அழுத்தம் அந்த இளகிய பட்டை வழியே வெளியேற, மேலிருந்த கெட்டிப் பாறை அசையவே இல்லை.

இம்முறை அந்த ஆழத்தில் மருந்துக்குப் பதில் ஜல்லி நிரப்பி, மேலும் கீழும் தனித்தனியாக மருந்திட்டோம். பாறை நன்றாக உடைந்ததால், பொக்லைன் ஓட்டும் அண்ணன் தடுமாறாமல் வாளியை நிறைத்தார். மருந்தும் குறைந்தது. அடுத்து, வாளி நிரம்பும் நேரத்தையும் துளைப் பதிவோடு சேர்த்துக் குறிக்கப் போகிறேன்.