மறு: ‘ஏஜ் அஷ்யூரன்ஸ்’ – ‘வயதுறுதி’ போதுமா?

> ‘வயதுறுதி’ என்றே வைத்துக்கொள்ளலாம். சின்னதாக இருக்கிறது, சொன்னதும் புரிகிறது. விக்சனரியில் ஏற்றிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. சின்னதுதான், சரி. ஆனால் ‘ஏஜ் அஷ்யூரன்ஸ்’ என்றால் இணையதளம் தன் பயனரின் வயதைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு; அந்தப் பொருள் ‘வயதுறுதி’க்குள் அடங்கவில்லையே.

பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று ஏஜ் வெரிஃபிகேஷன்: பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டுவது. மற்றது ஏஜ் எஸ்டிமேஷன்: செல்ஃபி எடுத்தால் முகத்தைப் பார்த்து மென்பொருள் ஒரு வயதைச் சொல்லும். ‘எனக்கு 18 ஆகிவிட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பது இரண்டிலும் சேராது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆபாசத் தளங்களுக்கு 2025 ஜூலை 25 முதல் ஏஜ் அஷ்யூரன்ஸ் கட்டாயம். தவறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அபராதம் போடலாம்.

முகம் பார்க்கும் இடத்தில்தான் ‘உறுதி’ இடிக்கிறது. 17க்கும் 19க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மென்பொருள் திணறும். அதனால் வரம்பை 25 போல உயரத்தில் வைத்து, அதற்குக் கீழே தெரிகிறவர்களிடம் மட்டும் ஆவணம் கேட்பார்கள். 22 வயதுக்காரரும் மாட்டுவார். நிச்சயமில்லை என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது; அதற்குப் போய் ‘உறுதி’ என்று பெயரா?

என் பரிந்துரை ‘வயதறிதல்’. அதன்கீழ் வயதுச் சரிபார்ப்பு, வயதுக் கணிப்பு. 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு 2025 டிசம்பர் 10 முதல் சமூக ஊடகக் கணக்கை மறுக்கும் ஆஸ்திரேலியாவில் மூன்றாவது வகையும் உண்டு. கணக்கு எத்தனை ஆண்டு பழசு, எதைப் பார்க்கிறார் என்பதையெல்லாம் வைத்து வயதை ஊகிப்பது. அதை ‘வயது உய்த்தறிதல்’ எனலாம். ‘வயதறிதல்’ அடைமொழியாகவும் வளையும்: வயதறி கருவி, வயதறி சேவை.

> எலும்பு, கல்வெட்டு ஆராய்ச்சியோடு குழம்பாதா? ‘கணிப்பு’ ஜோசியம் மாதிரி வேறு இருக்கிறது. ‘வயது மதிப்பீடு’ என்றால் என்ன?

கல்வெட்டுக்குக் ‘காலக்கணிப்பு’ நிலைத்துவிட்டது, குழப்பம் வராது. ஜோசிய வாடை கொஞ்சம் அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மதிப்பீடு’ வேண்டாம். இதே சட்டம் நிறுவனங்களை ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ செய்யச் சொல்கிறது. அதற்கு ‘இடர் மதிப்பீடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டு மதிப்பீடும் வந்தால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான். வேறு ஆட்சேபம் இல்லையென்றால் ‘வயதறிதல்’ தலைப்பில் மூன்றையும் ஏற்றிவிடுங்கள்.