கார்கசோன் விமானம் ரத்து: துலூஸ் வழியாக இரவில் போகலாமா?

லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து தென் பிரான்சிலுள்ள கார்கசோனுக்கு எடுத்திருந்த நேரடி விமானத்தை நேற்று ரத்து செய்துவிட்டார்கள். பயணம் வரும் வெள்ளிக்கிழமை. நானும் அம்மாவும் போகிறோம். அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் அங்குள்ள பழைய கோட்டையின் இரட்டை மதிலைப் பார்த்தே தீர வேண்டுமாம். கோட்டையின் படத்தைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்!

விமான நிறுவனத்தை இருமுறை அழைத்தேன். பணத்தைத் திருப்பித் தருவோம் என்பதோடு சரி. ரயில் என்றால் பாரிஸில் இறங்கி, பெட்டியோடு மெட்ரோ பிடித்து வேறு நிலையத்துக்கு மாற வேண்டும். அம்மாவால் முடியாது.

மிஞ்சியது பக்கத்துப் பெருநகரமான துலூஸ். விமானம் இரவு 8.40க்கு இறங்குகிறது. அங்கிருந்து துலூஸின் மாத்தாபியோ ரயில் நிலையம், பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில். எங்கள் விடுதி கோட்டைக்குள்; கார்கசோன் ரயில் நிலையமோ ஓட் ஆற்றின் மறுகரையில், கீழ் நகரத்தில்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: அன்றிரவே போய்ச் சேரலாமா, துலூஸில் தங்கிக் காலையில் கிளம்புவதா?